ஈரமானி

கிவு ஏரியின் அடியில் வாயு இருக்கிறது,
கரைந்து, கனத்து, பேச்சுமூச்சில்லாமல்.
வடக்கே நீராகொங்கோ மலை
இரவெல்லாம் சிவந்த வாயைத் திறந்தே வைத்திருக்கிறது.
இரண்டுக்கும் நடுவில் ருவாண்டாவின் ஒரு சரிவில்
தகரக் கொட்டகை,
கொட்டகைக்குள் தராசு,
தராசுக்குப் பக்கத்தில் முகார்வேகோ.

குத்துவதுதான் அவள் வேலை.
தலைச்சுமையாய் வரும் யூகலிப்டஸ் சுள்ளிகளில்
இரண்டு ஊசி முளைத்த சின்னப் பெட்டியைக் குத்தி
எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும்.
பதினைந்துக்கு மேல் போனால்
வெயிலில் போடு, வியாழக்கிழமை வா.
நல்ல கட்டென்றால் மூன்று கிலோ சுள்ளிக்கு
ஒரு கிலோ எரி உருளை.
எடை ஏறட்டும் என்று தண்ணீர் தெளித்து வருபவர்கள்
ஊசியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.
அவர்கள் திட்டுவது அவர்கள் மொழியில்.
தமிழில் என்றால் இப்படித் திட்டியிருப்பார்கள்:
ஈரம் பார்க்கிறாளே,
இவள் நெஞ்சில் இருக்கிறதா அது?

செபனானி இயந்திரத்தைக் காதால் ஓட்டுகிறவன்.
அரைத்த தூளை உருக்குத் தட்டின் ஓட்டைகளுக்குள்
சக்கரங்கள் மிதித்து மிதித்துத் திணிக்க,
சூட்டில்
மரம் தனக்குள்ளேயே வைத்திருந்த பசை இளகுகிறது.
வெளியிலிருந்து ஒரு சொட்டுக் கோந்து கிடையாது.
முதுகொடியச் சுமந்த புதர்
சுண்டுவிரல் தடிமனில், பளபளவென்று,
பிஸ்கட் வாசனையோடு கொட்டுகிறது.
துளி ஈரமும் இல்லையென்றால் ஒட்டாது.
மிஞ்சினாலோ ஓட்டைக்குள் ஆவி வெடிக்கும்,
அவன் பாட்டு பாதியில் நிற்கும்.

ஏப்ரல். விடாத மழை.
நியிராபுகாரா வந்தாள், முதுகில் பிள்ளை,
தலையில் கட்டு, கட்டின் மேல் வாழையிலை.
ஊசி இருபத்தேழு என்றது.
முகார்வேகோ சொன்னாள்:
பதினான்கு.
செபனானி நிமிர்ந்து பார்த்தான்.
வரிசையில் நின்றவர்களுக்குக் காது ரொம்பக் கூர்மை.
அன்று வந்த அத்தனை கட்டும்
பதினான்குதான்.

அந்த அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும்.
வாளி மாதிரி இருக்கும். மேலே பற்றவைக்க வேண்டும்.
கீழே ஒரு குட்டி விசிறி,
ஊதுகுழலுக்கு வேலை இல்லை.
நெருப்பு தலைகீழாய் இறங்கும்,
உருளைகள் வெந்து வாயுவாகும்,
வாயு மேலேறி விளிம்பில் பற்றிக்கொள்ளும்.
விறகு எரிவதாகத் தெரியாது,
விறகின் மூச்சு எரிகிறது.
நெருப்பில்லாமல் புகையாது என்கிறோம்,
இங்கே நெருப்பு உண்டு, புகையைக் காணோம்,
அதைத்தான் நெருப்பு தின்றுகொண்டிருக்கிறது.

வெள்ளிக்கிழமை தின்னவில்லை.
உருளைகள் டீயில் நனைந்த ரஸ்க் போலக் கையில் உதிர்ந்தன.
தூள் அடைத்து விசிறி முனகியது.
சரிவெங்கும் கூரைக்குக் கூரை
பழைய சாம்பல் நிறம்.
அவள் வீட்டிலும்.
மகன் இருமினான். பானையில் பீன்ஸ்
கல்லாகவே கிடந்தது.
வாசலில் நின்று ஒவ்வொரு கூரையாய்
எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டாள்.

திங்கட்கிழமை நியிராபுகாரா மறுபடி வந்தாள்.
ஊசி. இருபத்திரண்டு.
இருபத்திரண்டு, என்றாள் முகார்வேகோ.
பிறகு கட்டை அவளே தூக்கிப்போய்
இயந்திரத்தின் சூடான முதுகுப் பக்கம் சாய்த்துவைத்தாள்.
தன் பையிலிருந்து ஒரு கிலோ அளந்து கொடுத்துவிட்டு
சுவரில் அடுப்புக்கரியால் ஒரு கோடு:
கட்டு காய்ந்ததும் எனக்குத் தர வேண்டியது.

வரிசை அதையும் கேட்டது.

மத்தியானத்துக்குள் இயந்திரத்துக்குப் பின்னால்
கால்வைக்க இடமில்லை.
சுள்ளிகளிலிருந்து ஆவி கிளம்பி
தகரத்தில் முட்டிச் சொட்டியது.
செபனானி கெட்ட வார்த்தை சொன்னான்,
பிறகு எங்கே விட்டானோ அங்கிருந்து பாடினான்.
சாயங்காலம் சுவரில் பத்தொன்பது கோடு,
அவள் பையில் தூள் மட்டும்.
ராத்திரிச் சாப்பாடு
வாழைப்பழம்.